காணாக்கடி நோட்டு

ஜூன் 3, திங்கள்

இந்த நோட்டை நான் ஆசைப்பட்டு வாங்கவில்லை. டாக்டர் அபர்ணா வாங்கச் சொன்னாள். ஆயுர்வேதம் என்றால் வெள்ளைத் தாடியோடு ஒரு பெரியவர் இருப்பார் என்று நினைத்துப் போனேன். அங்கே என்னைவிடப் பத்து வயது சின்னவள் ஜிமிக்கி ஆட ஆட உட்கார்ந்திருக்கிறாள். நாக்கை நீட்டச் சொன்னாள், நாடி பார்த்தாள், கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் போன நேரம் கையில் ஒரு தடிப்புகூட இல்லை. அதுதான் இந்த நோயின் திமிர். வந்தால் கை, கழுத்து எல்லாம் திட்டுத் திட்டாக வீங்கும், உயிர் போகிற மாதிரி அரிக்கும். ஒரு மணி நேரத்தில் வந்த சுவடே இருக்காது.

இரண்டு மாதமாக இந்தக் கூத்து. இங்கிலீஷ் மாத்திரை கேட்கத்தான் செய்தது. ஆனால் தூக்கம் தள்ளியது. நின்றுகொண்டே தூங்கினால் என் வேலை நடக்குமா? அதனால்தான் இங்கே வந்தேன்.

"அக்கா, தினமும் மூணு விஷயம் எழுதிட்டு வாங்க. என்ன சாப்பிட்டீங்க, எப்ப தடிச்சுது, அந்த நேரத்துல என்ன செஞ்சிட்டு இருந்தீங்க. என்ன வேலை பாக்கறீங்க?"

"வீட்டு வேலைதான்" என்றேன்.

வீட்டு வேலையும்தானே பார்க்கிறேன். இறால் கம்பெனியில் பதினோரு வருஷமாகக் காண்ட்ராக்டில் இருக்கிறேன் என்று எதற்கு ஊரெல்லாம் சொல்ல வேண்டும்? ஜூலை ஒன்றாம் தேதி நிரந்தரப் பட்டியல் ஒட்டுகிறார்கள். இந்தத் தடவைதான் முதல் தடவையாக அதில் என் பெயர் இருக்கிறதாம். அதற்கு முன்னால் ஜூன் 27 அன்று எல்லார் கையையும் டாக்டர் வந்து பார்ப்பார். வெளிநாட்டுக்காரன் தின்கிற இறாலாம். தோலில் புள்ளி இருந்தால் கேட்டுக்கு வெளியே. போன வருஷம் அப்படிப் போன ஒருத்தி இன்றைக்கு வரைக்கும் திரும்பி வரவில்லை.

இன்னும் இருபத்து நான்கு நாள் இருக்கிறது. அதற்குள் இதை ஓட்டிவிடுவேன்.

நோட்டின் முன்பக்கம் டாக்டருக்கு. அங்கே மூன்று வரிக்கு மேல் கிடையாது. இது பின்பக்கம், எனக்கு.

ஜூன் 4, செவ்வாய்

முன்பக்கத்தில் எழுதியது: சாப்பிட்டது இட்லி, சட்னி. தடித்தது காலை பத்தரை, இரண்டு கையும் கழுத்தும். அப்போது செய்துகொண்டிருந்தது: சும்மா இருந்தேன்.

இதில் பொய் இல்லை. பத்தரைக்கு டீ இடைவேளை. இறால் உரிக்கிற ஹாலை விட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஐஸ் தண்ணீரில் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு நிற்கும்போது ஒரு அரிப்பும் இல்லை. வெயிலுக்கு வந்ததும்தான் ஆரம்பிக்கிறது. சூடாக டீ குடிப்பதாலோ என்னவோ.

ஜூன் 5, புதன்

டாக்டர் சீட்டில் நோயின் பெயரைத் தமிழில் எழுதியிருக்கிறாள். சீதபித்தம். மாமி, என் வீட்டுக்காரரின் அம்மா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தார்கள்.

"சீதமா? அப்பம் வயித்துலதான் கோளாறு. சீதபேதிக்கு அண்ணன் தம்பிதான் இது. நான் காணாக்கடின்னுல்லா நெனச்சேன். கண்ணுக்குத் தெரியாத பூச்சி எதுவும் கடிச்சிருக்கும்னு கோயில் எண்ணெய வேற தேச்சு விட்டேன்."

"டாக்டர் பத்தியம் சொல்லிருக்காவ, மாமி. மீன், கருவாடு, இறால், கத்திரிக்காய், தயிர், புளி ஒண்ணும் கூடாதாம்."

"அதான! மீனுதான். நீ திங்கதுக்குக் கேக்கவா செய்யணும்?"

என் வீட்டுக்காரர் ஸ்டார்வின் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். தட்டில் இருந்த மீன் தலையை உறிஞ்சிக்கொண்டே, "அம்மா சொல்லுதது சரிதான்" என்றார். எனக்கு வந்த எரிச்சலில் சட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டேன்.

ஜூன் 6, வியாழன்

தூத்துக்குடியில் இருந்துகொண்டு மீன் சாப்பிடாதே என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அந்தப் பெண்ணுக்கு இருக்கிறது. இரண்டு நாளாகப் பயற்றங்கஞ்சி, புடலங்காய்க் கூட்டு, பாகற்காய். காலையும் மாலையும் மஞ்சள் சேர்த்த சூரணம், பாலில் கலக்கி. சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கஷாயம். அதைக் கண்டுபிடித்தவன் நாக்கு இல்லாமல் பிறந்திருக்க வேண்டும். ஆனாலும் மூக்கைப் பிடித்துக் குடித்தேன். நிரந்தரப் பட்டியலுக்காக விஷத்தையும் குடிப்பேன்.

அரிப்பு கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கிறது. வருவது நிற்கவில்லை. பத்தரைக்கு வந்தது, ஒன்றேகாலுக்குச் சாப்பாட்டு இடைவேளையில் வந்தது. இரண்டு தடவையும் சும்மாதான் இருந்தேன்.

ஜூன் 7, வெள்ளி

டீயை விட்டேன். பத்தரைக்கு டாண் என்று வந்தது. டீயின் மேல் இனிமேல் பழி போட முடியாது.

ஜூன் 9, ஞாயிறு

எழுதிவிடுகிறேன், இங்கே யார் பார்க்கப் போகிறார்கள். சர்ச்சில் பூசை முடிந்து வந்தால் மாமி சாளைக் குழம்பு வைத்திருந்தார்கள். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில் நாட்டுப் படகுக்காரர்கள் கொண்டுவந்த பச்சைச் சாளை. மாமி குளிக்கப் போன நேரம் அடுப்படியிலேயே நின்று ஆறு மீன் தின்றேன். ஆறு! புளி, மிளகாய், முள் எல்லாம் சேர்த்து.

அரிக்கட்டும் என்று காத்திருந்தேன். இரண்டு மணி, நான்கு மணி, ஏழு மணி. ஒரு புள்ளி இல்லை. போன ஞாயிறும் இப்படித்தான். கர்த்தருடைய நாள் என்பதால் கிருபை போலிருக்கிறது.

முன்பக்கத்தில் எழுதியது: பயற்றங்கஞ்சி. தடிப்பு இல்லை.

ஜூன் 10, திங்கள்

பத்தரை. கர்த்தர் லீவில் போய்விட்டார்.

ஜூன் 13, வியாழன்

இன்றைக்குக் கிளேசிங்கில் ஆள் குறைவு. உறைந்த இறால் கட்டியை ஐஸ் தண்ணீரில் முக்கி எடுத்தால் மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு பிடிக்கும். அதற்குப் பெயர்தான் கிளேசிங். நான்கு மணி நேரம் ஒரே நிற்பில் முக்கி எடுத்தேன். வெளியே வந்ததும் கை மட்டும் இல்லை, உதடும் வீங்கிவிட்டது.

பேச்சித்தாய் அக்கா என்னை இழுத்துக்கொண்டு கழிப்பறைப் பக்கம் போனாள். என் பக்கத்து மேஜையில் நிற்கிறவள், எனக்கும் முன்னால் சேர்ந்தவள். தன் சேலைத் தலைப்பை வெயிலில் கிடந்த தகரத்தில் வைத்துச் சூடாக்கி என் கையில் ஒற்றினாள். அவள் விரல்களைப் பார்த்தேன். ஐஸும் குளோரின் தண்ணீரும் தின்று நுனித் தோல் எல்லாம் உரிந்து சிவந்து கிடக்கிறது.

"ஏட்டி, இது காணாக்கடி இல்ல. கண்ட கடி. என்ன கடிக்குதுன்னு ஒனக்கே தெரியும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாது. வயித்துக் கோளாறு. டாக்டரே எழுதிக் குடுத்திருக்காவ."

"வயித்துக் கோளாறு கையில ஏன் வருது?"

"உங்க வேலையப் பாருங்கக்கா" என்று கத்திவிட்டேன். அவள் சூப்பர்வைசர் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டு வாசலில் நின்றாள். உதடு வடியும் வரை அங்கேயேதான் நின்றாள்.

ஜூன் 15, சனி

நேற்றோடு தடைக்காலம் முடிந்தது. இனி லோடு லோடாக வரும்.

மாலை தடிப்போடு வீட்டுக்கு வந்தேன். மாமி பழைய கம்பளியை எடுத்து முதுகையும் கையையும் பரபரவென்று தேய்த்து விட்டார்கள். தேய்க்கத் தேய்க்க உடம்பு சூடாகி நன்றாக இருந்தது. வெற்றிலையில் மிளகு வைத்து மெல்லச் சொன்னார்கள். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

ஜூன் 17, திங்கள்

இன்றைக்கு நடந்ததை எழுதக் கை வரவில்லை. ஆனால் எழுதுவேன்.

ஷிப்ட் முடிந்து டாக்டரிடம் போனேன். அவள் முன்பக்கம் முழுவதையும் ஒரு பக்கம் விடாமல் வாசித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அக்கா, திங்கள்ல இருந்து சனி வரைக்கும் நீங்க சும்மா இருக்கீங்க. சும்மா இருக்கும்போதெல்லாம் அரிக்குது. ஞாயிற்றுக்கிழமை அரிக்கலை. அன்னைக்கு மட்டும் என்ன வேலை செஞ்சீங்க?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வாயை இறுக்க மூடிக்கொண்டேன்.

"பத்தரை, ஒண்ணேகால், அஞ்சு மணி. வீட்டு வேலைக்கு மணி அடிக்காது அக்கா. எந்தக் கம்பெனி?"

அவள் என் கையை முகர்ந்து பார்த்தாள். இறால் வாடையை எந்தச் சோப்பும் எடுக்காது. உள்ளே போய் பிரிட்ஜிலிருந்து ஒரு ஐஸ் கட்டியை எடுத்துப் பிளாஸ்டிக் பையில் போட்டு என் முன்கையில் வைத்து ஐந்து நிமிஷம் பிடித்தாள். எடுத்தபோது ஒன்றும் இல்லை. "பாத்தீங்களா, ஒண்ணும் இல்ல" என்று வெற்றியோடு சொன்னேன்.

"பொறுங்க. தோல் சூடாகட்டும்."

கொஞ்ச நேரத்தில் கிளம்பியது. சதுரமாக, ஐஸ் கட்டி இருந்த அளவுக்கு, அளந்து வெட்டின மாதிரி ஒரு தடிப்பு.

"நான் எழுதின சீதம் வயித்துச் சீதம் இல்லக்கா. சீதம்னா குளிர். சீதளம்னு சொல்றோம்ல, அது. மருந்து உள்ள இருந்து தணிக்கும், ஆனா நீங்க தினமும் குளிருக்குள்ள கைய விட்டா நான் என்ன குடுத்தும் பிரயோசனம் இல்ல. உதடு வீங்கியிருக்கா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"அடுத்து தொண்டை வீங்கலாம். மூச்சு அடைக்கும். அதுக்கு எங்கிட்ட மருந்து கிடையாது, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடணும். அங்கயும் போய்க் காட்டுங்க, சீட்டு எழுதித் தரேன். குளிர் ரூமுக்குள்ள மட்டும் போகாதீங்க."

இரண்டு வாரமாக நானும் மாமியும் வயிற்றைத் திட்டிக்கொண்டு இருந்தோம். மீனைத் திட்டினோம். ஒரு சொல்லைத் தப்பாகப் படித்துவிட்டு எத்தனை புடலங்காய் தின்றிருக்கிறேன்! மாமி தப்பாகப் படித்தார்கள். எனக்கு அந்தத் தப்பு வசதியாக இருந்தது. இங்கே எழுதிவிட்டேன், போதுமா?

ஜூன் 18, செவ்வாய்

வேலைக்குப் போனேன். கையுறைக்குள் மாமியின் கம்பளியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு போனேன்.

ஜூன் 20, வியாழன்

ஸ்டார்வின் டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டார்.

"வேலைய விட்டுரு. நான் சம்பாதிக்கதுக்கு என்ன குறைச்சல்?"

"நீங்க அம்பதடி ஒசரத்துல கிரேன்ல உக்காந்திருக்கிய. காத்தடிச்சா ஆடுதுன்னு சொல்லுவியல்லா? நான் எறங்கி வாங்கன்னு சொன்னேனா?"

"அது வேற, இது வேற."

"என்ன வேற? இறால வெறுங்கையில அள்ளிப் போட்டா எத்தனை எண்ணம் கிலோவுக்கு நிக்கும்னு தராசு இல்லாம சொல்லுவேன். அந்தக் கம்பெனியில வேற எவளுக்கும் அந்தக் கை கெடையாது. பதினோரு வருசமா தினக்கூலின்னு எழுதுதான். ஒரு தடவையாவது எம்பேர நிரந்தரம்னு எழுதட்டும். அதுக்கப்புறம் பேசுங்க."

அவர் சீட்டை மடித்து வைத்தார். மாமி அடுப்படியிலிருந்து, "அவ சொல்லுததுல என்ன தப்பு?" என்றார்கள். மாமி எனக்காகப் பேசி நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

ஜூன் 26, புதன்

உயிரோடு இருக்கிறேன். நேற்று எழுத முடியவில்லை.

நேற்று மதியம் குளிர் அறைக்குள் டிராலிச் சக்கரம் மாட்டிக்கொண்டது. மேனேஜர் ஜெயசீலன் சார் என்னைப் பார்த்து, "கில்டா, சட்டுனு போய் நகட்டிட்டு வாங்க" என்றார். முடியாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். போனேன். மைனஸ் பதினெட்டு. சக்கரம் லேசில் நகரவில்லை. வெளியே வந்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, முகம் முழுக்கக் கனத்தது. தொண்டையில் யாரோ துணியை அடைத்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான் தெரியும்.

பேச்சித்தாய் அக்காதான் ஆட்டோவில் போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். ஊசி போட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று நர்ஸ் ஆரம்பித்தபோது, சொல்லாதீங்க என்று கையைக் காட்டினேன். கம்பெனியில் அக்கா, கில்டா சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாமல் மயங்கி விழுந்தாள் என்று சொல்லி வைத்திருக்கிறாள். நாளைக்குக் கை பார்க்கிற நாள்.

பயந்துவிட்டேன். இந்த ஒரு வரியை மட்டும் சண்டை போடாமல் எழுதுகிறேன்.

ஜூன் 27, வியாழன்

பரிசோதனை காலை ஏழரைக்கு, வேலை ஆரம்பிக்கும் முன்னால். வெயிலில் நடந்து போனேன். கை பளிங்காக இருந்தது. வெளியிலிருந்து கம்பெனி வரவழைத்த டாக்டர் என் கையைத் திருப்பிப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், "நலம்" என்று எழுதினார். மேனேஜர் சிரித்தார்.

"பட்டியல்ல ஒங்க பேரு நாலாவது, கில்டா."

பதினோரு வருஷத்துக்கு அந்த ஒரு வாக்கியம் போதும் என்றுதான் தோன்றியது. கதவு வரை வந்துவிட்டேன். அப்போது அடுத்ததாகப் பேச்சித்தாய் அக்காவை உட்கார வைத்தார்கள். டாக்டர் அவள் விரலைத் தொடக்கூட இல்லை. "தோல் தொற்று மாதிரி தெரியுது" என்றார். மேனேஜர் உடனே ஒரு தாளை நீட்டினார்.

"பேச்சி, சொகமாகி வாங்க. சொந்த விருப்பத்துல வேலைய விட்டு நிக்கிறேன்னு ஒரு கையெழுத்து."

அக்கா பேனாவை வாங்கினாள். விரல் வலியில் பேனாவைப் பிடிக்க முடியாமல் முஷ்டிக்குள் வைத்துக்கொண்டாள். எனக்கு மண்டைக்குள் என்னவோ அறுந்தது.

ஹாலுக்குள் போய் ஒரு கை ஐஸ் அள்ளிக்கொண்டு வந்தேன். மேஜை மேல் கையை வைத்து, முன்கையில் ஐஸைக் கொட்டி மூடிப் பிடித்துக்கொண்டேன்.

"கில்டா, என்ன இது?"

"அஞ்சு நிமிசம் சார். டாக்டர் கடிகாரத்தப் பாக்கட்டும்."

வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் மேஜையில் வழிந்து அந்தத் தாளை நனைத்தது. கையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தேன். நான் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக, முழங்கை வரை எழும்பி வந்தது.

"இப்பம்தான நலம்னு எழுதுனிய டாக்டர்? இது எவகிட்ட இருந்து எனக்கு ஒட்டுச்சு? அந்த அக்கா விரலும் இந்த ஐஸ்லதான் வெந்திருக்கு. செவ்வாக்கிழமை நான் விழுந்தது சாப்பாட்டுல இல்ல. ஒங்க குளிர் ரூம்ல. ஆஸ்பத்திரிச் சீட்டு எங்கிட்ட இருக்கு."

டாக்டர் குனிந்து என் தடிப்பை விரலால் அழுத்திப் பார்த்தார். நல்ல மனிதர்தான், அவசரத்தில் இருந்தவர். என் சீட்டை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்: குளிரால் வருவது, தொற்று அல்ல, குளிரில்லாத பிரிவுக்கு மாற்றவும். அக்காவின் விரலை இந்தத் தடவை தொட்டுப் பார்த்து, அவளுக்கும் அதையே எழுதினார்.

வெளியே வந்ததும் அக்கா என்னைத் திட்டினாள். "கிறுக்கி. நாலாவது பேருட்டி ஒம்பேரு!"

ஜூன் 29, சனி

இரண்டு பேரையும் அட்டைப்பெட்டி ஒட்டுகிற இடத்தில் தற்காலிகமாக உட்கார வைத்திருக்கிறார்கள். இரண்டு நாளாகத் தடிப்பு இல்லை. கஷாயம் குடிக்கிறேன். டாக்டர் அபர்ணா மீனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அனுமதி தந்திருக்கிறாள். நான் ஏற்கெனவே தின்றதைச் சொன்னேன். "ஆறா?" என்று கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஜூலை 1, திங்கள். மாலை நான்கு மணி

கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் பட்டியல் ஒட்டினார்கள். நாலாவது பெயர் டைப் அடித்து, அதன் மேல் பேனாவால் ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் கில்டா என்பதை நன்றாகவே வாசிக்க முடிகிறது. மேனேஜரிடம் போய்க் காரணத்தை எழுத்தில் கேட்டேன். மதியம் ஒரு தாள் கொண்டுவந்து தந்தார். "உடல்நிலை காரணமாக" என்று இருந்தது.

"சார், எங்க உடம்புக்கு ஒண்ணும் இல்ல. பதினோரு வருசம் ஐஸ்ல நின்ன காரணமாகன்னு மாத்தி எழுதுங்க. அட்டைப்பெட்டிப் பிரிவுல நிரந்தரம்னு எழுதுங்க. அக்காவுக்கும்." தாளை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

"அப்படில்லாம் எழுத முடியாது, கில்டா. நீங்க சும்மா இருந்திருந்தா இன்னைக்கு நிரந்தரம்."

நான் பட்டியலுக்கு முன்னாலேயே நின்றேன். சாப்பாட்டு மணி அடித்ததும் பேச்சித்தாய் அக்கா தூக்குவாளியோடு வந்து என் பக்கத்தில் நின்று சாப்பிட்டாள். பிறகு இறாலைத் தரம் பிரிக்கிற கிரேடிங்கிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினாள். முழங்கை வரை திட்டுத் திட்டாக இருந்தது. அவளும் யாருக்கும் சொல்லாமல்தான் வைத்திருந்திருக்கிறாள். இரண்டு மணிக்கு மறுபடி மணி அடித்தபோது நாங்கள் இருபத்து மூன்று பேர். யாரும் உள்ளே போகவில்லை. ஹாலில் மூன்று டன் இறால் காத்திருக்கிறது.

மூன்று மணிக்கு மேனேஜர் வந்து எல்லாரையும் வேலையை விட்டு நிறுத்துவேன் என்றார். "அப்பம் இந்த இறால நீங்க உரிப்பியளா சார்?" என்று அக்கா கேட்டாள். அவர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

வெயில் சுள்ளென்று அடிக்கிறது. ஸ்டார்வின் கிரேனிலிருந்து இறங்கி நேரே இங்கே வந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். வா போகலாம் என்று கூப்பிடவில்லை. இருபத்து மூன்று பேருக்கும் தண்ணீர் வாங்கி வந்திருக்கிறார்.

மேனேஜர் மறுபடி வருகிறார். கையில் நான் திருப்பிக் கொடுத்த அந்தத் தாளும் பேனாவும் இருக்கிறது. நான் எழுந்திருக்க வேண்டும்.